மலையைக் கடைக்குக் கூட்டிப்போன பிளாரன்ஸ்

மஞ்சனூரில் மலைச் சைக்கிள் வாங்குவதென்றால் மலையையும் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். செருப்பு வாங்கப் போகிறவர் காலைக் கொண்டுபோகிற மாதிரிதான். மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்களோ, நமக்கெதற்கு அந்தப் பேச்சு.

பிளாரன்ஸ் செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனாள். மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா ரோஸ்லின் வீடு. இருவரும் பேசிப் பல வருஷமாகிவிட்டது. "நடுவுல மட்டும் இந்த மலை இல்லேன்னா எப்பவோ போய்ப் பேசியிருப்பேனே" என்று பிளாரன்ஸ் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்று நிஜமாகவே மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. சரி, சைக்கிளாவது வாங்குவோம் என்று கிளம்பிவிட்டாள்.

மலை தன் மேகத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஒருக்களித்துக் கடைக்குள் நுழைந்தது. கடைக்காரர் ஹபீப் பாய் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு டீ சொன்னார். மலை சர்க்கரை குறைவாகக் கேட்டது.

முதலில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்த வண்டி வந்தது. "லேசு. ஏத்தத்துல சும்மா பறக்கும்" என்றார் பாய்.

"இறங்கறப்போ இந்தப் பொண்ணுக்கு முதுகு போயிடும். பழி என் மேல வரும்" என்றது மலை.

அடுத்தது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது. அதைப் பார்த்ததும் மலையின் முகம் சுருங்கிப் போயிற்று.

"இதுல வந்தா என் மேல வர்றதே தெரியாது. அப்புறம் நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்?"

பாய் அதை அவசரமாகப் பின்னால் தள்ளினார். இறக்கத்துக்கென்றே செய்த கனத்த வண்டியும் தேறவில்லை. அதை மேலே தள்ளிக்கொண்டு போகிறவர்கள் வழியெல்லாம் மலையைத்தான் திட்டுவார்களாம். கடைசியாக, தடித்த டயர் வைத்த வண்டி. மலை அதை ஓரக்கண்ணால் பார்த்தது. டயரை அமுக்கிக்கூடப் பார்த்தது.

பிளாரன்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. இருந்தாலும் முறை விடக்கூடாதே. "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றாள்.

இது மரியாதைக்குச் சொல்வது. மலைகளும் "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிடும். இந்த மலை சொல்லவில்லை. சீட்டை இறக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தது, பெல்லை ஒரு தரம் அடித்துப் பார்த்தது, பஸ் ஸ்டாண்டு பக்கமாகத் திரும்பிப் போனது. திரும்பி வரவில்லை.

"வண்டி பொருந்திடுச்சு" என்றார் பாய் திருப்தியாக.

பிளாரன்ஸ் வெளியே வந்தாள். எதிரே மலை இருந்த இடத்தில் வெட்டவெளி. அதன் ஓரத்தில் ரோஸ்லின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இனி என்ன சாக்குச் சொல்வது? கறிவேப்பிலை வாங்கப் போகிற தூரம்கூட இல்லை. நடந்தாள்.

ரோஸ்லினும் தன் ஊரில் அதே மலையைத்தான் காரணம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மலை எங்க?"

"சைக்கிள் ஓட்டப் போயிருக்கு."

"சரி, உள்ள வா. காபி போடறேன்."

இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கேட்கவே கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்ததை பிளாரன்ஸ் முதல் வாய் காபியிலேயே கேட்டுவிட்டாள்.

"உன் கல்யாணத்துல போட்டோவுக்கு நிக்க என்னை ஏன்க்கா கூப்பிடல?"

"கூப்பிடாம என்ன? நீதான் பந்தியில முதல் ஆளா போய் உக்காந்துட்டியே!"

"யாரு, நானா?"

தரையில் ஒரு கல் பெயர்ந்தது. இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஒரு மேடு எழும்பி, முக்காலி உயரத்துக்கு வந்து நின்றது. உச்சியில் கொஞ்சம் புல்கூட இருந்தது.

ரோஸ்லின் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்து, தங்கை பக்கத்தில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். டம்ளர்களை மேட்டின் மேல் வைத்தாள்.

"ஆறிடப் போவுது, குடிடீ."

மேடு தனக்கும் கொஞ்சம் கேட்டது, சர்க்கரை குறைவாக.