வெப்சைட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை

எங்கள் பட்டறை வெப்சைட்டின் அடியில் என் கணவரின் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் போர்வெல் வண்டி, ஒருவர் கல்யாண மண்டபம், ஒருவர் பல் ஆஸ்பத்திரி. நாங்கள் விற்பது கோழிப்பண்ணைக் கூண்டு. பல்லே இல்லாத கோழிக்கு எதற்குப் பல் ஆஸ்பத்திரி?

"அவன் நம்ம பங்காளி சாமி" என்றார் பெரிய மாமா மாதையன்.

அவர் என் மாமனாருக்கு அண்ணன். குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை எழுதுவது அவர்தான். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் வருஷக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். மற்ற வெப்சைட்டுகள் நமக்கு லிங்க் கொடுத்தால் கூகுளில் மேலே வரலாம் என்று எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறார். பொய்யில்லை. கோழிப்பண்ணை பற்றி எழுதுகிறவர் தானாக நம்மைக் காட்டினால் அது மதிப்புதான். ஆனால் இவரோ, 'அவன் பேரை நீ போடு, உன் பேரை அவன் போடட்டும்' என்று சொந்தக்காரர்களின் வெப்சைட்டையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டார். நான் ஊரில் இல்லாதபோது பாஸ்வேர்டைக் கொடுத்த புண்ணியவான் என் கணவர் கோகுல்ராஜ். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

கொஞ்ச நாளில் கூகுளிலிருந்து எச்சரிக்கை வந்தது: இவை இயல்பான லிங்க்குகள் அல்ல. முதல் பக்கத்தில் இருந்த எங்களைத் தேடினாலும் காணோம். ஆந்திரா, ஒடிசா ஆர்டரெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். போன் அடிப்பது நின்றது. நாமக்கல் பட்டறையில் வெல்டர்கள் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார்கள். இப்படியே போனால் ஆடிக்குள் அவர்களை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார் கோகுல்.

"அப்ப இந்தப் பேரையெல்லாம் எடுத்துடறனுங்க" என்றேன்.

"எடுத்துப்போட்டு? பனமரத்துப்பட்டியில பெரியப்பா பேத்தி கல்யாணம் வருது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

வெல்டர்களின் மூஞ்சியை மட்டும் தினமும் பார்க்க முடிகிறதா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, போர்வெல் வண்டிக்காரரின் அம்மாவான சின்ன அத்தை சாலம்மாளுக்குப் போன் செய்தேன். எங்கள் லிங்க்கை அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னதுதான் தாமதம்.

"ஏங்கண்ணு, எங்க ஊட்டுல உங்க பேரு இருந்தா உங்களுக்குக் கேவலமா?"

அதோடு அவர் அழவும் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்டு வைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன்.

கடைசியில் ஜலகண்டாபுரத்து அறிவு என்பவரைப் பிடித்தேன். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் வெப்சைட் போட்டுக்கொடுத்தவர் அவர்தான்.

"பேரை எடுக்க வேண்டாங்கக்கா. லிங்க்குல நோஃபாலோன்னு ஒரு வார்த்தை சேர்த்துடலாம். பேரு தெரியும், தொட்டாத் திறக்கும். கூகுள் மட்டும் அதைக் கணக்குல எடுக்காது."

எங்கள் வெப்சைட்டிலும் சொந்தக்காரர்கள் எல்லோருடைய வெப்சைட்டிலும் ரகசியமாகச் சேர்த்தோம். மறுபரிசீலனை கேட்டுக் கூகுளுக்கு எழுதிப்போட்டு, பயந்து பயந்து காத்திருந்தேன். தடை நீங்கியது. ஒடிசாவிலிருந்து போன் வந்த அன்று பட்டறையில் மறுபடி நெருப்புப் பொறி பறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பனமரத்துப்பட்டிக் கல்யாணப் பந்தியில் பெரிய மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சொந்தக்காரங்க பேரைப் போட்டோம், கம்பெனி மேல வந்துருச்சு பாத்தீங்களா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இலையை விட்டு எழுந்தேன்.

"அந்தப் பேருகளாலதானுங்க மாமா கம்பெனி கீழ போச்சு. இப்ப பேரு மட்டுந்தான் இருக்குது. ஒண்ணும் கணக்குல சேராது. நான்தான் அப்படிப் பண்ணினேன்."

 கோகுல் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மாமா சிரித்தார். "பேரு இருக்குதில்ல? அது போதும் சாமி. பத்திரிகையில பேரு இருக்கறவங்கெல்லாம் வந்து பந்தலா கட்டுனாங்க? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

எத்தனை நாள் தூக்கம் போனது எனக்கு. அதற்குள் அவர் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் கை காட்டினார்.

"அவங்களுக்கும் வெப்சைட்டு இருக்குதாம். சாப்பிட்டுட்டு வந்து பேரெல்லாம் எழுதிக்க."