எழுந்து நின்றால்

"டாக்டர் எப்ப வருவாரு, சிஸ்டர்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் அந்த பஸ் டிரைவர். இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, மேல்படிப்பு முடித்து, நர்ஸ் பிராக்டிஷனர் என்று கதவில் என் பலகையை மாட்டி அன்றோடு ஒன்பது நாள். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் இனி என் பொறுப்பு. இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

"இங்க நான்தான்ணே பாக்குறேன். சொல்லுங்க."

அவர் மனைவிதான் சொன்னார். ஒரு மாதமாக எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறதாம். டிப்போவில் வண்டியைப் பிடுங்கிவிட்டார்கள். பத்து நாளில் மருத்துவப் பரிசோதனை. தேறாவிட்டால் டிக்கெட் கவுண்டர்தான்.

"அங்க உக்கார வச்சா செத்துருவேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றுப் பதினாறு. நிற்கவைத்தேன். எண்பத்திரண்டு. மேசையைப் பிடித்துக்கொண்டார். எனக்குள் ஏதோ துள்ளியது. "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொட்டுங்கக்கா" என்றேன். அக்கா பையை அப்படியே கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். வெள்ளை மாத்திரை பழைய டாக்டர் எழுதியது. ரோஸ் மாத்திரை போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மேலே பெயர் வேறு வேறு, உள்ளே மருந்து ஒன்றேதான். கடவுளே, சந்தோஷத்தில் எனக்கே தலை சுற்றியது!

"ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரைக்கா."

"அதெப்படி? கலர் வேறயா இருக்கே."

"சட்டைய மாத்திட்டு வந்தா அண்ணன் வேற ஆளாயிடுவாரா?"

அக்கா சிரித்துவிட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. "டாக்டர் குடுத்தத நீங்க நிறுத்தலாமா?"

நியாயமான கேள்விதான். இத்தனை வருடமும் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் டாக்டரின் அறை வாசலில் போய் நின்றிருக்கிறேன். பழக்கதோஷத்தில் கால் கதவுப் பக்கம் திரும்பியது, சத்தியமாக. இழுத்துப் பிடித்து உட்கார்ந்தேன்.

"நிறுத்தலாம். நிறுத்துறேன்."

ரோஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பேனா கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

ஆறாம் நாள் வந்தார்கள். உட்காரவைத்துப் பார்த்தேன், நூற்று முப்பத்திநாலு. "எழுந்திரிங்கண்ணே." கையில் சுற்றிய பட்டை காற்றேறி உப்பியது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நூற்று இருபத்தெட்டு.

"தலை சுத்துதா?"

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அகலமாக எதையோ பற்றி, மெதுவாக, மிக மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். பெஞ்சில் இருந்த அக்கா தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்தார்.