இரவல் கைத்தட்டல்

இசைத்தட்டு முடிந்து, முள் உள்வட்டத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது. பெரியவள் எழுந்து அதைத் தூக்கி வைக்கவில்லை. காதெல்லாம் சூடேறியது. கைத்தட்டல்! அதுவும் விசிலோடு! எழவு வீட்டில் விசிலடித்தவனைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

வீட்டில் அவள் பெரியவள், தங்கை சின்னவள். மேடையிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. பெரியவள் வில்லால் இழுக்கும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோ வாசிப்பாள், சின்னவள் பாடுவாள். வேறு பக்கவாத்தியம் கிடையாது. மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நகர நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுக் கச்சேரி செய்தார்கள். பிறர் பாடல்கள் ஐந்து, சொந்தப் பாடல்கள் மூன்று. அதை அப்படியே பதிவு செய்து முந்நூறே முந்நூறு தட்டுகள் போடுவது, ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதி இருவரும் கையெழுத்திடுவது, அதற்கு மேல் ஒன்றுகூட அச்சடிப்பதில்லை என்று ஏற்பாடு. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘நேரடிப் பதிவு’ என்று போட்டிருந்தது.

கடைசிப் பாட்டு அப்பாவைப் பற்றியது. வரிகளும் மெட்டும் பெரியவளுடையவை. பக்கவாதத்தில் பேச்சு போனபிறகு அப்பா சாகும்வரை இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவார். வலி வந்தால் அதுவும் தட்டமாட்டார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் தினமும் சாதகம் செய்தாள். சின்னவள் அப்போது ஒரு குழுவோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தாள். எப்போதாவது வருவாள், அழுவாள், போய்விடுவாள்.

நூலகத்தில் அந்தப் பாட்டு முடிந்து அவள் தந்தியிலிருந்து வில்லை எடுத்தபோது யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். நாற்காலி சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு, செருப்பு உரசாமல் அடியெடுத்து வைத்து நடந்து போனார்கள். அதைவிடப் பெரிய மரியாதை பெரியவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. அப்பாவின் அறைக்குள் முதல்முறையாக நாலு பேர் வந்து அவளோடு உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அந்த இடத்தில்தான் இப்போது இசைத்தட்டில் ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். ஒலிப்பதிவுக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒலிப்பதிவாளர் எந்த வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். அதனால் எல்லோருக்கும் அவர் தொப்பிதான்.

“யாரோட கை இது?” என்றாள் வாசலில் நின்றபடியே.

தொப்பி விழித்தார்.

“என் பாட்டுக்கு அப்புறம் தட்டுறாங்களே, அவங்களை எங்கேருந்து பிடிச்சுட்டு வந்தீங்க?”

“ஓ, அதுவா! கையிருப்புல இருந்தது. ஏதோ விளையாட்டு அரங்கத்துல எடுத்தது. உட்காருங்க, தண்ணி குடிங்க.”

“தண்ணியை நீங்களே குடிங்க. வெளியே நேரடின்னு போட்டுட்டு உள்ளே இரவல் சத்தத்தைச் சொருகியிருக்கீங்க. வெக்கமா இல்லை?”

“கேக்குறவங்க என்ன நினைப்பாங்க சொல்லுங்க? ஈ காக்கா சத்தம்கூட இல்லைன்னா கச்சேரிக்கு ஆளே வரலைன்னுதானே? நூலகம் பாருங்க, பழக்கதோஷத்துல ஜனங்க வாயைத் திறக்காம உட்கார்ந்துட்டாங்க.”

வேறொரு நாளாக இருந்தால் பெரியவளே சிரித்திருப்பாள். இன்று எதிரிலிருந்த சக்கரம் வைத்த சுழல் நாற்காலியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது போய்ச் சுவரில் முட்டியது. தொப்பியின் குரல் இறங்கியது.

“நானா செய்யலைம்மா. உங்க தங்கச்சிதான் கேட்டாங்க. அதுவும் இல்லாம, இதைக் கொஞ்சம் கேளுங்க.”

கைவைக்காத பதிவை ஓடவிட்டார். செல்லோவின் கடைசி நாதம் தேய்ந்து மறைந்தது. மழை கேட்டது. யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு, மைக்குக்கு மிக அருகில், சின்னவளின் குரல் முணுமுணுத்தது: “போச்சு.”

“இதை அழிச்சா மழையும் சேர்ந்து அழியுது. ஓட்டை மாதிரி தெரியுது. மேலே எதையாவது போட்டு மூடத்தானே வேணும்?”

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு கூடம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது தங்கைக்குத் தோன்றியது அந்த ஒரு சொல்தானா? படி இறங்கும்போது அவள் கோபம் தொப்பியை விட்டுவிட்டு முழுசாகத் தங்கை பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் தட்டு வெளியீடு. பெரியவள் வீட்டுக்கு வந்தபோது, குரலைப் பாதுகாக்க வேண்டுமே என்று சின்னவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“துண்டை எடு.”

“ரெண்டு நிமிஷம்க்கா.”

பெரியவள் துண்டைப் பிடுங்கினாள். சிவந்து வியர்த்த முகம் நிமிர்ந்தது. அக்காவின் கையிலிருந்த தட்டைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சொன்னா நீ ஒத்துக்க மாட்டே.”

“ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே!”

“ஆமா, செஞ்சேன். நீ வாசிச்சு முடிச்சதும் தலையைக் குனிஞ்சுக்குவே. உனக்கு முன்னாடி அவ்வளவு பெரிய வாத்தியம் இருக்கு. நான் எதுக்குப் பின்னாடி போய் நிக்கறது? கையைத் தொங்கப் போட்டுட்டு மரம் மாதிரி நின்னேன். ஒருத்தர் முகத்துலயும் ஒண்ணும் தெரியலை. நான் பாடினது யாருக்கும் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

“அது பிடிக்காம இருந்த அமைதியா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான்! அப்பா பக்கத்துல ரெண்டு வருஷம் உட்கார்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீதான் எங்கேயோ கைத்தட்டல் வாங்கிட்டிருந்தியே!”

இத்தனை காலம் பல்லைக் கடித்து அடக்கிவைத்திருந்த சொல். வாய் தவறி வந்ததென்று சொல்வதற்கில்லை, வேண்டுமென்றுதான் விட்டாள். சின்னவளின் முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது. ஆவி பிடித்த வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“நாளைக்கு வருவியா மாட்டியா? அதை மட்டும் சொல்லு.”

“வருவேன். கையெழுத்தும் போடுவேன்.”

மறுநாள் வெளியீடு நடந்த இசைத்தட்டுக் கடையில் நிற்க இடமில்லை. பிறர் பாடல்களில் இரண்டைப் பாடினார்கள். அப்பாவின் பாட்டுக்குச் சின்னவள் தொண்டையைச் செருமியபோது, பெரியவள் வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சின்னவள் ஒரு நொடி திகைத்து, கூட்டத்துக்கு நன்றி சொன்னாள்.

பிறகு மேசை முன் வரிசை நின்றது. பெரியவள் பையிலிருந்து பட்டையான கறுப்புப் பேனாவை எடுத்தாள். முதல் தட்டில் கையெழுத்திட்டாள். அட்டையிலிருந்த ‘நேரடி’ என்ற சொல்லின் மேல் அழுத்தி ஒரு கோடு கிழித்தாள். அடுத்ததிலும் கிழித்தாள். கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்னம்மா பண்றீங்க? சரக்கு கெட்டுப்போகுது!”

“பொய்தானே கெட்டுப்போகுது. போகட்டும்.”

வரிசையில் நின்ற ஒரு வழுக்கைத் தலைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கோடு எதுக்குங்க? அச்சுப் பிழையா?”

பெரியவள் வாய் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். “பிழைதான். அச்சோட பிழை இல்லை, என்னோடது. கடைசிப் பாட்டுக்கு அப்புறம் கேக்குற கைத்தட்டல் பொய். அன்னிக்கு யாரும் தட்டலை. எனக்குப் பயமா இருந்துச்சு, ஒட்ட வெச்சுட்டேன். வேணும்னா வாங்குங்க, வேணாம்னா வெச்சுட்டுப் போங்க.”

அவள் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனியே இல்லை. சண்டைக்கு இழுப்பவள்போல் சொன்னாள். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு வெளியேறினார்கள். வழுக்கைக்காரர் தயங்கி, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தார். சின்னவள் அக்காவின் கையிலிருந்து பேனாவை வெடுக்கென்று பிடுங்கி அடுத்த கோட்டைத் தானே கிழித்தாள். கிழித்த வேகத்தில் அட்டை நிஜமாகவே கிழிந்தது.

“இப்ப திருப்தியா?” என்றாள் பல்லிடுக்கில்.

“இல்லை.”

திருப்தி இல்லைதான். தங்கை மறுப்பாள், மழுப்புவாள், எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்து வந்தவளுக்கு, வெட்ட ஓங்கிய கத்தி காற்றில் நின்றதுபோல் ஆகிவிட்டது. கோபம் மட்டும் தணியவில்லை.

மீதியை இருவரும் மாறி மாறிக் கோடு போட்டு முடித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் சின்னவள்தான் முதலில் பேசினாள்.

“அப்பாவை வெச்சு ஒண்ணு சொன்னியே நேத்து.”

“சொன்னேன்.”

“வாபஸ் வாங்குவியா?”

“மாட்டேன்.”

“சரி.”

பேருந்தில் கூட்டம். செல்லோப் பெட்டியை நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். வளைவில் வண்டி சாய்ந்தபோது பெட்டியும் சாய்ந்தது. சின்னவள் இரு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். விடு என்று பெரியவள் சொல்லவில்லை. தங்கையின் முகத்தையும் பார்க்கவில்லை.