எதிராளி இல்லாத சாம்பியன்

துறைமுக ஊரான மொஸ்தகானெமில் கதூரை எல்லோரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பின் காரணம் மற்றவர்களைவிடக் கதூருக்குத்தான் நன்றாகத் தெரியும். எட்டு வருஷமாக அவன் மாவட்டக் குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். அந்த எட்டு வருஷத்தில் அவன் யாரையும் அடித்ததில்லை. யாரும் அவனை அடித்ததும் இல்லை.

இதில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. துறைமுகத்துப் பையன்கள் எல்லாம் ஒல்லிக்குச்சிகள், கீழ் எடைப் பிரிவுகளில் அவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். உடம்பு போட்டவர்களோ ஒரேயடியாகப் போட்டுவிடுவார்கள், நேரே ஹெவிவெயிட்டில்தான் போய் விழுவார்கள். நடுவில் எண்பது கிலோவோடு முடிகிற பிரிவு ஒன்று இருக்கிறது. அதை அந்த ஊரில் அரைக்கனம் என்பார்கள். அரைக்கனத்தில் கதூரைத் தவிர ஆள் கிடையாது. வருஷம் ஒருமுறை அவன் தராசில் ஏறுவான், கையுறை மாட்டிக்கொண்டு மேடையில் ஏறுவான், நடுவர் அவன் கையைத் தூக்குவார், கழுத்தில் தங்கப் பதக்கம் விழும். அவன் முறை வரும்போதுதான் ஜனங்கள் சிகரெட் பிடிக்க வெளியே போவார்கள்.

மாவட்டத்தில் ஜெயித்தவன் அடுத்து ஒரான் நகரத்துக்குப் போய் மண்டலப் போட்டியில் மோத வேண்டும். கதூர் போனதே இல்லை. ஒரு வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் கொழுந்தியாள் கல்யாணம். ஒரு வருஷம் கடை அடுப்பு உடைந்துவிட்டது. அடுப்பு உடைந்தது மட்டும் நிஜம் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான், மற்ற இரண்டையும் பற்றிப் பேச்செடுக்க மாட்டான்.

கடை என்றால் கரந்திகா கடை. கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சுட்டு, சீரகப்பொடி தூவி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது. வீட்டில் பதக்கங்கள் எல்லாம் சமையலறை ஆணியில் தொங்கின. அதே ஆணியில்தான் அவன் மனைவி ஸூலீகா டீ வடிகட்டியையும் மாட்டுவாள். ஒவ்வொரு வருஷமும் அவன் பதக்கத்தோடு வந்து நின்றால் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எத்தனை அடி வாங்குனீங்க?"

ஒன்றும் இல்லை என்பான். அதானே பார்த்தேன் என்று அவள் வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள். அந்த 'அதானே பார்த்தேன்' எந்தக் குத்தையும்விட வலித்தது என்று சொல்லலாம். ஆனால் கதூருக்குத்தான் குத்து எப்படி வலிக்கும் என்றே தெரியாதே.

இந்த வருஷம் மச்சினன் மெஃப்தா கடைக்கு வந்து, அரைக்கனத்தில் இன்னொருவன் பெயர் கொடுத்திருக்கிறான் என்றான். பயிற்சியில் கதூருக்குக் குத்துப்பை பிடிப்பவனும் மேடை மூலையில் தண்ணீர் கொடுப்பவனும் மெஃப்தாதான். புதிய ஆளின் பெயர் பெனௌதா, சீதி அலி என்கிற ஊர்ப்பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவன். மெஃப்தா அதைச் சொன்னபோது கதூர் ரொட்டியில் சீரகம் தூவிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் போதும் போதும் என்று கத்திய பிறகுதான் கை நின்றது.

அன்றிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. தோற்றுவிடுவோமோ என்ற பயம் கூட இரண்டாம் பட்சம்தான். தான் உண்மையிலேயே குத்துச்சண்டைக்காரனா, அல்லது வருஷம் ஒருமுறை தராசில் ஏறுகிற கரந்திகாக்காரனா என்பது இப்போது தெரிந்துவிடும். முப்பத்தாறு வயது வரைக்கும் அது தெரியாமலே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் நாலு வருஷம் ஓட்டினால் வயது வரம்பு வந்து மானத்தோடு ஓய்வு பெற்றிருக்கலாம். மூட்டை தூக்குகிறவன் மூட்டையோடு நிற்கக் கூடாதா?

போட்டி அன்று காலை எடை பார்த்தார்கள். கதூர் முந்தின நாள் ராத்திரி பட்டினி கிடந்தவன், சுளுவாகத் தேறிவிட்டான். சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் பலகை கிறீச்சிட்டது. தோள் அகலமான ஒருவன் தராசில் நின்றான், அந்தப் பெனௌதாதான். அதிகாரி முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அரைக் கிலோ கூட. ஒன்பது மணிக்குத் தராசை மூடிவிடுவார்கள், அதற்குள் குறைத்துக்கொண்டு வா, இல்லையென்றால் ஊருக்கு வண்டி ஏறு என்றார்.

மெஃப்தா கதூரின் விலாவில் இடித்தான். முகத்தில் பெருநாள் களை. இந்த வருஷமும் நடுவர் கையைத் தூக்கிவிடுவார். கதூருக்கும் உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அப்படி லேசாகிப் போனதை நினைத்து அடுத்த கணமே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தோள்காரன் ஊருக்குப் புதியவன். யாரிடம் கேட்பது என்று சுற்றிலும் பார்த்தான். அத்தனை பேர் இருக்க, நேரே கதூரிடம் வந்தான்.

"அண்ணே, இங்க நல்லா வேர்க்கிற மாதிரி ஹம்மாம் எங்க இருக்கு?"

பின்னால் மெஃப்தா கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டினான். ஆவிக்குளியல் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று சொல், இடித்துவிட்டார்கள் என்று சொல், எதையாவது சொல். கதூரும் பூட்டியிருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அந்த ஊரில் வெளியூர்க்காரன் வழி கேட்டால் கை காட்டிவிட்டு நிற்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. கூடவே நடந்துபோய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். முப்பத்தாறு வருஷப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"வா, காட்டறேன்," என்றான்.

மெஃப்தா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வழியில் பெனௌதா மனம்விட்டுப் பேசினான். இங்கே கதூர் என்று ஒருத்தன் இருக்கிறானாம், எட்டு வருஷமாக அவனை யாராலும் அசைக்க முடியவில்லையாம், ஊரில் கேட்ட இடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள், அவனை நினைத்தால் தூக்கமே வரவில்லை, அந்தக் கவலையில்தான் ராத்திரி முழுக்கத் தின்றுகொண்டே இருந்தேன் என்றான். கதூர் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டே நடந்தான். தன்னை நினைத்து ஒரு மனிதன் தூக்கம் கெட்டிருக்கிறான் என்பது அவனுக்கு இந்த வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு.

ஹம்மாம் வாசலோடு திரும்பியிருக்கலாம். உடம்பு தேய்க்கும் ஜிலாலி விடவில்லை. சாம்பியன் வந்திருக்கிறான் என்று ஆவி நிறைந்த கூடம் முழுக்கக் கேட்கும்படி முழங்கினான். கதூர், நம்ம கதூர் என்று அழுத்திச் சொல்லி இரண்டு பேரையும் உள்ளே தள்ளினான்.

பெனௌதாவின் முகத்தில் ஈயாடவில்லை. கல்மேடையில் உட்கார்ந்து வேர்வை வழியக் கதூர் பக்கம் திரும்பினான்.

"நீங்கதான் கதூரா? அப்புறம் ஏண்ணே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ வழி கேட்டே."

"பொய் சொல்லியிருக்கலாமே."

"அதுக்குத்தான் வாயைத் திறந்தேன். வரல."

பெனௌதா சிரித்தான். கதூரும் சிரித்தான். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

ஜிலாலி பெனௌதாவைத் தோல் உரிகிற மாதிரி தேய்த்து அனுப்பினான். வெளிக்கூடத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. சாம்பியனின் விருந்தாளி என்றால் ஜிலாலிக்கும் விருந்தாளிதானே. அவன் வீட்டிலிருந்து தேன் ஊற்றிய அடை, அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம், சர்க்கரை கொட்டிய புதினா டீ எல்லாம் தட்டில் வந்து இறங்கின. விருந்தாளி தொடாவிட்டால் ஜிலாலி முகம் சுருங்கிவிடும், பிறகு ஆறு மாதம் பேச மாட்டான். பெனௌதாவோ நாக்கில் ஒரு சொட்டு பட்டாலும் ஊருக்கு வண்டி ஏற வேண்டியவன். அவன் பாவமாகக் கதூரைப் பார்த்தான்.

ஜிலாலி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கதூர் விருந்தாளியின் பங்கைச் சாப்பிட்டான். ஜிலாலி இந்தப் பக்கம் திரும்பும்போது தன் பங்கைச் சாப்பிட்டான். தட்டு காலியானதைப் பார்த்து ஜிலாலி மனம் குளிர்ந்து இன்னொரு தட்டு கொண்டுவந்தான். எடை பார்த்தாகிவிட்டதே, எனக்கென்ன என்று கதூர் அதையும் முடித்தான். மத்தியானம் அதே வயிற்றில் ஒருவன் குத்தப்போகிறான் என்பது கடைசி முட்டை இறங்கின பிறகுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

தராசு மூடுவதற்குச் சற்று முன்னால் பெனௌதா ஏறி நின்றான். முள் எண்பதைத் தொட்டு நின்றது. மெஃப்தா கதூருடன் பேசவில்லை. ஆனால் போன் போட்டு அக்காவிடம் சொல்லிவிட்டான், உன் புருஷன் இன்னிக்கு நிஜமாவே அடி வாங்கப்போறான் என்று. ஸூலீகா கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். கரந்திகாவுக்கு வரிசையில் நின்றவர்களும் அவள் பின்னாலேயே கிளம்பினார்கள்.

அன்று கதூரின் முறை வந்தபோது யாரும் சிகரெட் பிடிக்கப் போகவில்லை. வெளியே நின்றவர்களும் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

முதல் சுற்றில் கதூருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. தொங்குகிற பை திருப்பி அடிப்பதில்லை, மனிதன் அடிக்கிறான். பெனௌதாவின் குத்து ஒவ்வொன்றும் மூட்டை இறக்கிவைக்கிற மாதிரி வந்தது. வயிற்றில் ஒன்று விழுந்தபோது அடை, தேன், ஆரஞ்சு எல்லாம் எழுந்து நின்று வெளியே போகலாமா என்று கேட்டன. கதூர் பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை உட்காரவைத்தான். மூலைக்குத் திரும்பியதும் மெஃப்தா தண்ணீர் நீட்டினான், வேண்டாம், உள்ளே இடமில்லை என்றான் கதூர். அப்போதுதான் மெஃப்தாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது சுற்றின் நடுவில் பெனௌதா வலது கையை ஒரு கணம் தாழ்த்தினான். கதூரின் இடது கை அவனைக் கேட்காமலே போயிற்று. விலா எலும்புக்குக் கீழே சரியாக இறங்கியது. வாயிலிருந்து காற்று முழுக்க வெளியே வர, பெனௌதா முழங்கால் மடங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கதூருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்துவிட்டான். அடுத்த குத்தை விட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும் என்று மெஃப்தா இன்றைக்கும் சொல்வான். கதூர் விடவில்லை. இடது கையால் விட்டதுதான் எட்டு வருஷத்தில் அவன் விட்ட முதல் குத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

மூன்றாவது சுற்றில் பெனௌதா அதற்கெல்லாம் கணக்குத் தீர்த்தான். மூக்கில் ஒன்று விழுந்து கதூர் மல்லாந்தான். கூரையில் எரிந்த விளக்கு இரண்டாகத் தெரிந்தது. எழுந்துவிடு, எழுந்துவிடு என்று அத்தனை கூச்சலில் ஸூலீகாவின் குரல் தனியாகக் கேட்டது. நடுவர் எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான். அதன் பிறகு மணி அடிக்கும்வரை விழவில்லை.

நடுவர் பெனௌதாவின் கையைத் தூக்கினார். பக்கத்தில் நின்று அந்தக் கையைப் பார்ப்பது கதூருக்குப் புதிதாக இருந்தது. கழுத்தில் வெள்ளிப் பதக்கம் விழுந்தது. பெனௌதா அவனைக் கட்டிக்கொண்டு, அண்ணே, ஒரானுக்குப் போகிறபோது கூட வாங்க, அங்கேயும் எனக்கு வழி தெரியாது என்றான்.

வீட்டில் ஸூலீகா துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி அவன் மூக்கில் வைத்தாள். ஆணியில் தொங்கிய தங்கங்களையும் டீ வடிகட்டியையும் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, வெள்ளியை மட்டும் மாட்டினாள். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தாள். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று கதூர் காத்திருந்தான். எத்தனை என்று எண்ணிவைக்கவில்லையே என்று கவலைப்பட்டான்.

"நீங்க ஒண்ணு விட்டீங்க," என்றாள். "இடது கையால. விலாவுல."

"ஆமா."

"நான் பார்த்தேன்."

கதூரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. மூக்கில் அடிபட்டால் கண்ணில் தண்ணீர் வரும், எந்தக் குத்துச்சண்டைக்காரனைக் கேட்டாலும் சொல்வான் என்று அவளிடம் சொன்னான். அவள் சரி என்று சொல்லிவிட்டு, ஐஸைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தாள்.