உறையைக் கழற்றியும் போகாத எதிரொலி

பயணிகள் படகின் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் பட்டறைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஆறு மீட்டர் எஃகுத் தண்டு. நடுவில் துரு ஏறாமலிருக்க இறுக்கிப் போட்ட வெண்கல உறை. பரிசோதகர் தண்டின் முனையில் பசையைத் தடவி, கருவியின் ஒலி அனுப்பும் புரோபை வைத்து அழுத்தினார். காதுக்குக் கேட்காத ஒலி எஃகுக்குள் ஓடியது. உறை இருக்கும் தூரத்தில் எதுவோ அதைத் திருப்பி அனுப்ப, திரையில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது.

"விரிசல் சார், உறைக்கு அடியில," என்றார் மேனேஜரிடம்.

"வந்துட்டாருய்யா! புலி வருது புலி வருதுன்னு போன மாசமும் இதைத்தானே சொன்னீங்க?"

சொன்னதுதான். அப்போது வந்த வேறொரு தண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மண்ணும் இல்லை. 'கருவிக் கோளாறு' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். உண்மையில் எஃகின் ஒலிவேகத்தை அவரே தப்பாகப் பதிந்திருந்தார். கருவி வாயில்லாப் பூச்சி, பழியை வாங்கிக்கொண்டது.

"நாளைக்குக் காலையில நானூறு பேரோட படகு கிளம்பணும். உறையை அறுத்தா ரெண்டு வாரம் போச்சு. இன்னொரு தடவை தப்பாச்சுன்னா உங்க கையெழுத்து உரிமையே போயிடும், பாத்துக்கோங்க. மாடியில உங்க தங்கச்சி இருக்காங்கல்ல? கணக்குப் போட்டுச் சொல்லட்டும். உறையே எதிரொலிச்சாலும் எதிரொலிக்கும்."

தங்கை கணினிக் கணிப்புப் பிரிவில் இருக்கிறாள். அவள் வேலையை 'பொம்மைப் படம்' என்று வீட்டில் கேலி செய்கிற மனுஷன், அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எஃகைக் கோடிச் சில்லுகளாக நறுக்கி, அதிர்வைச் சில்லுக்குச் சில்லு தள்ளிக்கொண்டு போவார்கள் மற்றவர்கள். தள்ளத் தள்ளப் பிழையும் கூடவே வளரும். இவள் அதிர்வு மொத்தத்தையும் பெரிதும் சிறிதுமான வழவழப்பான அலைகளாகப் பிரிக்கிறாள். ஒவ்வோர் அலையின் ஏற்ற இறக்கமும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கணக்கிட்டு, மறுபடி கூட்டிவிடுகிறாள். கொஞ்சம் புள்ளிகளே போதும். திரையில் அழுத்த அலை முன்னால் ஓட, குறுக்கலை அசைந்து அசைந்து பின்னால் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் புரோப் பிடித்தவர், உள்ளே நடப்பதைக் கண்ணால் கண்டது அப்போதுதான். அடேயப்பா!

ஆனால் முடிவு அவர் தலையில் இடியாக விழுந்தது. உறை மாட்டிய, விரிசலே இல்லாத தண்டுக்குத்தான் கணக்கு. அதிலும் அதே நேரத்தில் அதே மேடு.

"பாத்தீங்களா? உறைதான்!" மேனேஜர் 'விரிசல் இல்லை' என்ற படிவத்தைத் தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், கையெழுத்துப் போடவில்லை.

மத்தியானம் அவளே பட்டறைக்கு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, கணக்குல உறையைக் கழட்டிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"எதிரொலி போகல."

மேனேஜர் எழுந்தே விட்டார். "உறையே இல்லாம எப்படிம்மா எதிரொலி வரும்?"

"வரக்கூடாது சார். தண்டுல ஒரு துண்டை மட்டும்தான் நான் எடுத்துக்கிட்டேன். என் முறைக்கு அந்தத் துண்டு வட்டம் மாதிரி. முன்வாசல்ல வெளிய போன அலை பின்வாசல் வழியா உள்ள வந்துடும். அதைத் தடுக்க ரெண்டு ஓரத்துலயும் அலையைக் குடிக்கிற பட்டை வெப்போம். நான் வெச்ச அகலம் பத்தல, சுத்தி வந்த அலைதான் அந்த மேடு. இப்ப அகலமாக்கி, உறையையும் மாட்டிப் போட்டுட்டேன். அந்த மேடே இல்ல."

"அப்போ இவர் திரையில இருக்கிற மேடு?"

"வரைபடத்துல இல்லாத ஏதோ ஒண்ணு சார். அண்ணன் சொன்னதுதான் சரி. என் கணக்கு தப்பு."

உறையை அறுத்தார்கள். அடியில் முடி மாதிரி ஒரு விரிசல், தண்டின் பாதிச் சுற்றளவுக்கு ஓடியிருந்தது. மேனேஜர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானூறு பேர்!

ரிப்போர்ட்டின் முதல் வரியாகத் தங்கை எழுதினாள்: 'முதல் கணக்கு தவறு. ஓரப்பட்டையின் அகலம் போதவில்லை. பிழை என்னுடையது.'

"இது எதுக்கும்மா? காதும் காதும் வெச்ச மாதிரி விட்டுடலாமே."

"நாளைக்கு வேற யாராவது இதே அகலத்தை வெச்சுக் கணக்குப் போடுவாங்க சார்."

பரிசோதகர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். ஊரே மெச்சும் வித்தை தெரிந்தவள். தப்பென்று தெரிந்ததும் படியிறங்கி வந்து சொல்ல அவளுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. தனக்கோ ஒரு மாதம். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் அலமாரியிலிருந்து போன மாதக் கோப்பை எடுத்துவந்தார். 'கருவிக் கோளாறு' என்று எழுதிய பக்கத்தைப் பிரித்தார்.

"பேனாவைக் குடு," என்றார் தங்கையிடம்.

"இப்ப என்னத்துக்குப் பழைய கதை?" என்று பதறினார் மேனேஜர். "கையெழுத்து உரிமை போயிடும்யா! இன்னிக்கு உங்க பேச்சுதான் ஜெயிச்சிருக்கு."

"அவ ஒத்துக்கிட்டதால ஜெயிச்சது சார்," என்றபடி அவர் பழைய வரியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.