செம்பருத்தி டீயும் அக்காவின் பிரஷரும்

மூலிகை கிரீன் டீ விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுதுவது என் வேலை. முன்பக்கத்தில் இலையும் பூவுமாகப் படம் இருக்கும். பின்பக்கத்தில், அதைக் குடித்தால் உங்களுக்கு என்னென்ன நடக்கும் என்று நான் அளந்துவிட்டிருப்பேன். நான் படித்தது வரலாறு. நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நடக்கப்போவதாக எழுதலாம் என்று நானே ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் இடம் மொத்தம் இரண்டு அறைகள். உள்ளறையில் முதலாளியம்மா காய்ந்த இலைகளைப் பெரிய தட்டில் கொட்டிக் கலப்பார். வெளியறையில் பாக்கெட் ஒட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் என் மேசை. புதிய கலவை தயாரானால், "புலவரே, இதுக்கு நாலு வரி" என்று குரல் வரும். நான் உடம்பைப் பங்கு பிரிப்பேன். புதினாவுக்குச் செரிமானம். எலுமிச்சைப்புல்லுக்கு மனஅமைதி. இஞ்சி வந்தபோது கல்லீரல் சும்மா இருந்தது, கொடுத்துவிட்டேன். கடைசியாகச் செம்பருத்தி வந்தது. மிச்சம் இருந்தது ரத்த அழுத்தம்தான். "ரத்த அழுத்தத்தை இயற்கையாகவே சீராக வைத்திருக்க உதவும்" என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். ஆமாம், காபி. அந்த டீயை ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்தேன். புளித்தது. என் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

"உதவும்" என்ற சொல்தான் எனக்குச் சோறு போட்டது. எவ்வளவு உதவும், யாருக்கு உதவும் என்று யாரும் கேட்டதில்லை.

என் அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். புதுக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடினால்கூடக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள். ஆறு வருடமாகப் பிரஷருக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. அவள் வீட்டுக்குப் போனபோது செம்பருத்தி டீ இரண்டு பாக்கெட் கொண்டுபோனேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "நான் எழுதினதுக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவள் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள். ஒரு பாக்கெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மாமா போன் செய்தார். "உங்க அக்கா வகுப்புல தலைசுத்திக் கீழ உக்காந்துட்டாளாம். கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா."

நான் போனபோது அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். கையில் பிரஷர் பட்டை. டாக்டரம்மா அவளைக் கடிந்துகொண்டிருந்தார்.

"மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"பதினெட்டு நாள்."

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

அக்கா கைப்பையைத் திறந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா என் வரியைச் சத்தமாகப் படித்தார். அவ்வளவு நிதானமாக அதை யாரும் படித்து நான் கேட்டதில்லை. சகிக்கவில்லை.

"இதை எழுதினது யாரு?"

"என் தம்பிதான் டாக்டர். இதோ நிக்கிறான்."

"மருத்துவம் படிச்சவரா?"

"இல்ல, வரலாறு" என்றாள் அக்கா, குரலில் பெருமை குறையாமல்.

"உதவும்னுதான் போட்டிருக்கேன். குணமாக்கும்னு போடலை" என்றேன். சொல்லும்போதே அசடு வழிந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு அக்காவுக்கு மாத்திரை எழுதத் தொடங்கினார்.

திரும்பும்போது மாமா ஓட்டிய காரின் பின்சீட்டில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் அவள் சொன்னாள்: "வேற யாராவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்டா."

டாக்டரம்மா நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இலை கலப்பதை நிறுத்தாமல் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே பிரஷர் மாத்திரை அட்டை.

"நான் தினமும் போடுறேன். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நான் நிறுத்திட்டேனா?"

"அப்ப அந்த வரி பொய்னு உங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதா?"

அந்த வரி பாக்கெட்டில் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் நான் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். என்னைப் போன்ற புலவர் கிடைப்பது அரிது என்று அவர் பதறுவார் என எதிர்பார்த்தேன். பதறவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அச்சடிச்ச பாக்கெட்டைத் தூக்கிப் போட முடியாது. அந்த வரி மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க. லீவு நாள்ல, நீங்களே. மத்ததை அடுத்த அச்சுல பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் பாக்கெட்டுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அக்கா. கையில் அடிஸ்கேல்.

"மாத்திரை போட்டியா?" என்றேன்.

"போட்டேன். தள்ளி உக்காரு."

அவள் ஸ்கேலை வைத்து நேராக ஒட்டினாள். நான் கோணலாக ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள். இடையில் அந்த டீயையே போட்டு இருவரும் குடித்தோம். தேன் விட்டால் பரவாயில்லை என்றாள். ஆயிரம் தாண்டியபோது அவள் கை நின்றது. நான் எழுதி அச்சடித்து வந்த ஸ்டிக்கரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

"இது மருந்தல்ல. மாத்திரையை நிறுத்த கூடாது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "'நிறுத்தக்' கூடாதுல்ல? 'க்' எங்கடா?"

எங்கும் இல்லை. மூவாயிரம் ஸ்டிக்கரிலும் இல்லை. அக்கா பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒட்டி முடித்து, நானூறு பாக்கெட்டில் "க்" சேர்த்தோம். மீதி அப்படியே கடைக்குப் போயிற்று.