போயா நாளில் ஒரு தௌபா

என் தங்கச்சி ஜுனைதா கலண்டரில் பெருநாட்களை விடப் பெரிதாக வட்டம் போட்டு வைத்திருந்தது போயா தினங்களுக்குத்தான். பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையில் இவளுக்கு என்ன என்று கேட்பீர்கள். அன்றைக்கு நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுடைய புருசன் மர்சூக் வெறி இல்லாமல் இருப்பான். அவளுடைய அடுப்படியில் இறைச்சி ஆணம் மணக்கும். ஒரே வளவில் இந்தப் பக்கம் குடியிருக்கிற அக்காக்காரி எனக்கும் ஒரு கோப்பை வரும்.

அவன் நிதானமாக இருக்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அந்த மனிதனுக்கோ அன்று முழுக்கக் கை நடுங்கும், வேர்த்து ஊற்றும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், ஒரு வாய் வைக்க மாட்டான். சுனாமி வந்ததும் ஒரு போயா நாளில்தான். அவனும் ஜுனைதாவும் பெற்ற இரண்டு பிள்ளைகள், பர்ஹானும் அப்னாவும், அதில்தான் மவுத்தானார்கள். மற்ற நாட்களில் குடித்து மறப்பான். போயாவில் அதற்கும் வழி இல்லை.

அதற்கு முன்பு அவன் சாராயத்தின் வாடைகூட அறியாதவன். அகதி முகாமில் கூடாரத்துக்குள் கிடந்த நாட்களில், குடித்தால் நித்திரை வரும் என்று யாரோ கொடுத்தார்கள். நித்திரை வந்தது. பிறகு அது இல்லாமல் நித்திரை வரவில்லை. பிறகு அது இல்லாமல் காலையில் எழும்பவும் முடியவில்லை. மற்றவர்களுக்குச் சுனாமி வீடு கட்டிக் கொடுக்கிற மேசன் வேலை அவனுக்கு. கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுங்காமல் கல்லை நேராக வைப்பான்.

எங்கள் ஊரில் சாராயக் கடை இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். கடை அடுத்த ஊரில் இருக்கிறது. நம்முடைய ஆட்கள் மோட்டார் சைக்கிளில் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டு வருவார்கள். வழியில் ஆமிக்காரனின் சோதனைச் சாவடியில் மட்டும் கழற்ற வேண்டும். ஆகவே ஊரில் யார் யார் குடிக்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அரசாங்கமும் இலேசுப்பட்டதல்ல. குடியை ஒழிப்போம் என்று சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறது. அதே கையால் கடைக்கு லைசன்ஸ் கொடுக்கிறது, வரி எடுக்கிறது, போயாவுக்குப் பூட்டிப் புண்ணியமும் தேடிக்கொள்கிறது. ஊருக்கும் அரசாங்கத்துக்கும் குடியைப் பற்றி ஒரே கொள்கைதான்: கண்ணில் படாமல் நடந்தால் சரி. மர்சூக் செய்த பிழை, ஹெல்மெட் தேவைப்படாத சைக்கிளில் போய் வந்ததுதான்.

எங்கள் மூத்த அண்ணன், காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற மீராமுகைதீன், பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்களில் ஒருவர். தங்கச்சி புருசன் வீதியில் விழுந்து கிடக்கிறான் என்று சபையில் யாராவது ஜாடையாகச் சொன்னால் அவருக்குத் தலை தொங்கிப் போகும். கெட்ட மனிதர் இல்லை. சுனாமியில் அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் கையால் கபுறில் இறக்கியவர் அவர்தான். ஒரு நாள் ஜுனைதாவின் வாசலில் வந்து நின்றார்.

"வாற போயாவுக்கு இவனப் பள்ளிக்கு அனுப்பு புள்ள. ஜமாஅத்துக்கு முன்னால தௌபா செய்யட்டும். மத்த நாளையில சத்தியம் வாங்கினா வெறியில சொன்ன எண்டுவானுகள்."

"அண்டைக்கு அவருக்கு உடம்பு ஏலாம இரிக்குமே காக்கா."

"வெறி இல்லாம இரிக்கும்தானே. நமக்கு அதுதான் வேணும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் குடிகாரனைப் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்ய வைக்கப் போயாவைத்தான் பார்ப்பார்கள். ஆளை நிதானமாக்கித் தருகிற வேலையை அரசாங்கமே பார்த்துவிடுகிறதே.

பகல் லுஹர் தொழுகை முடிந்த பிறகு ஒலிபெருக்கியை நிறுத்த மறந்தார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அடுப்படியில் நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது. காக்கா சொல்லிக் கொடுக்க, மர்சூக் திருப்பிச் சொன்னான்.

"வல்லாஹி, இனிக் குடிக்க மாட்டன். குடிச்சா... மறுமை நாள் மஹ்ஷருல என்ட புள்ளைகள்ட முகத்த... நான் காணக் கூடா."

பிள்ளைகள் என்ற இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. காக்கா மறுபடி எடுத்துக் கொடுத்தார். ஜுனைதா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதில் மவுத்தான பிள்ளைகள் சுவர்க்கத்து வாசலில் தாய் தகப்பனுக்காகக் காத்து நிற்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த மனிதனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். போயும் போயும் அதையா பிடித்து ஆட்ட வேண்டும்?

ஊரே கட்டிப்பிடித்து வாழ்த்தி அவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தது. வந்தவன் சுவரோரம் குந்திக்கொண்டு நடுங்கினான். ஜுனைதா தேத்தண்ணி கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், இன்றைக்கு ஒரு நாள் பொறுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு அவள் உள்ளே போன நேரம் அவன் பின்வளவுக்குப் போயிருக்கிறான். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டுக் கிடந்தவனை நானும் அவளும்தான் கண்டோம். அவள் போட்ட கூச்சலில் அயல் முழுக்க ஓடி வந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பின்னாலேயே வந்த காக்கா, வாசலில் வைத்து ஜுனைதாவின் காதோடு கதைத்தார்.

"மீன் ஒத்துக்கல்ல எண்டு சொல்லு. நஞ்சு எண்டு சொல்லிராத. பகல் தௌபா செஞ்சவன் பின்னேரம் இப்பிடிச் செஞ்சான் எண்டா நாம எந்த முகத்தோட ஊருக்குள்ள போற? நாளைக்கு ஜனாஸாத் தொழுகைக்குக் கூட ஆள் வராது."

நோயாளர்களைப் பார்க்கிற நேரம் அது. எங்கள் ஊர்ச் சனம் பாதி அங்கேதான் நின்றது. வந்திருக்கிறது யார் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

"என்ன குடிச்சவர்?" என்று டொக்டர் கேட்டார்.

"மீன் கறி, டொக்டர். மீன் ஒத்துக்கல்ல போல," என்றார் காக்கா.

டொக்டர் ஜுனைதாவைப் பார்த்தார். "அம்மா, தெரியாமல் நான் மருந்து குடுக்கேலாது. நேரம் போகுது. சொல்லுங்கோ."

அவள் காக்காவைப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள். மர்சூக் வாயில் நுரையோடு முனகினான். ஊருக்குப் பயந்து மூன்று வருசமாகக் குரலைத் தாழ்த்தியே கதைத்துப் பழகியவள் அந்த ஆஸ்பத்திரி வாட்டே அதிரக் கத்தினாள்.

"நஞ்சு குடிச்சிட்டாரு டொக்டர்! வயல் மருந்து! சாகப் போறாரு, காப்பாத்துங்க!"

உடனே ஆட்கள் ஓடினார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றும் மறுநாளும் எங்களுக்குச் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. அல்லாஹ் ஹயாத்தை நீட்டினான்.

பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் ஊர் தோடம்பழத்தோடு வந்தது. ஜுனைதாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, வெளியே போய், "தற்கொலை எவ்வளவு பெரிய ஹராம் தெரியுமா" என்று கதைத்தது. இந்தக் குடிகாரன் செத்தால்தான் அவளுக்கு விமோசனம் என்று என்னிடமே சொன்ன வாய்கள் இவை. குடித்துச் சாவதற்கு விட்டுவைப்பார்கள், தானாகச் சாகப் பார்த்தால் மட்டும் குற்றம். எனக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பு இல்லை. தோடம்பழத்தை வாங்கி வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

டொக்டர் கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்குக் கடுமையாகத்தான் சொன்னார். வருசக் கணக்காகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மூளையும் கலங்கிப் போகும், அதுவும் மற்ற நோய் போல ஒரு வருத்தம், அதற்கு மருந்து இருக்கிறது, கூட்டி வந்திருந்தால் மெல்ல மெல்ல நிறுத்தியிருக்கலாம் என்றார். ஜுனைதா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். குடிக்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

காக்கா கஞ்சி கொண்டு வந்தார். மர்சூக் கண் விழித்திருந்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா மர்சூக் இப்பிடிச் செஞ்ச? ஆகிரத்த, மறுமைய யோசிக்கல்லியா?"

அவனுக்குத் தொண்டை புண்ணாகிக் கிடந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அதத்தான் யோசிச்சன் மச்சான். விடிஞ்சாக் கடையத் துறந்திருவான். நான் போயிருவன். போகாம இரிக்க என்னால ஏலா. போனா புள்ளைகள்ட முகம் இல்ல." மூச்சு வாங்கினான். "நான் சத்தியத்த முறிக்கல்ல மச்சான்."

காக்கா கையை எடுத்துக்கொண்டார். கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார், பிறகு மூடினார்.

ஜுனைதா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். அழவில்லை. அலுத்துப் போன குரலில் கேட்டாள்.

"காக்கா, செஞ்ச சத்தியத்த ஒரு ஆள் முறிச்சா என்ன செய்யணும்?"

"கப்பாறா குடுக்கணும்."

"எண்டா?"

"பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கிற. ஏலாட்டி மூணு நோன்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அல்லா மன்னிப்பான்."

"அத ஏன் அண்டைக்கு அவருக்குச் சொல்லல்ல?"

"சொன்னா முறிச்சிருவான் எண்டு நினைச்சன் புள்ள."

"முறிச்சிருந்தா," என்றாள் ஜுனைதா, "குடிச்சிட்டு ஊட்டுக்கு வந்திருப்பாரு."